விரைவும் நடையும்: ‘அப்பேஸ்’ என்னும் ஆங்கில வினையடை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சேக்ஸ்பியரின் நாடகங்களை மாணவர்க்கெனப் பதிப்பித்தோர், ‘அப்பேஸ்’ என்னும் சொல் வருமிடத்து அடிக்குறிப்பில் ‘விரைவாக’ என்று பொருளெழுதி அப்பாற் செல்வர். இப்பொருள் பிழையன்று. ஆயினும் ஒரு சொல்லுக்குப் பிழையில்லாத பொருள் கூறுதல் வேறு. அச்சொல் தான் நின்ற இடத்திற் செய்யுந் தொழிலை எடுத்துக் காட்டுதல் வேறு. ஆங்கிலத்தில் விரைவை உணர்த்தும் வினையடைகள் பல. ‘குயிக்லி’, ‘பாஸ்ற்’, ‘ஸ்பீடிலி’ எனப் பலவும் கைக்கெட்டும் நிலையில் இருக்க, கவிஞன் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து கொள்கிறான். எல்லாவற்றுக்கும் ‘விரைவாக’ என ஒரே பொருளை மனனஞ் செய்யும் மாணவன், கவிஞன் கொண்ட சொல்லுக்கும் கொள்ளாது விட்ட சொல்லுக்கும் வேற்றுமை அறியாதவனாகிறான். அவ்வேற்றுமையை அறியாது பரீட்சையிற் சித்தியெய்தலாம். நாடகத்தைப் படித்தவனாதல் அரிது.

இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வது இதுவே: ‘அப்பேஸ்’ என்பது வெறும் வேகத்தைக் குறிக்கும் சொல்லன்று. அடிமேல் அடியாக, இடையறாது முன்னேறிச் செல்லும் செலவையே அது சிறப்பாகக் குறிக்கும். அதனுள்ளே காலடியோசை ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வோசைக்குச் செவிகொடுத்துப் படிப்பின், பலமுறை படித்த காட்சிகளும் சற்று வேறாகத் தோன்றும்.

முதலில் அச்சொல்லின் பிறப்பை நோக்குவோம். இலத்தீனில் ‘பாசுஸ்’ என்பது அடி, எட்டு எனப் பொருள்படும். அது பழைய பிரெஞ்சில் ‘பா’ என்றாகி, முன்னொட்டுப் பெற்று ‘ஆ பா’ என வழங்கி, ஆங்கிலத்திற் புகுந்து ஒரு சொல்லாய் ஒட்டியது. இன்றும் பிரெஞ்சில் ‘ஓ பா’ என்பது மெல்ல நடக்கும் நடைக்கே பெயர். வாகனங்களை ஊர்ந்து செலுத்துக என்று வீதியோரப் பலகைகளில் எழுதுவதற்கும் அத்தொடரையே ஆளுவர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சோசரும் அடிச்சொல்லை அப்பொருளில் அறிவார். அவருடைய யாத்திரிகர் கன்றபரி நோக்கிப் புறப்படும் காலையிற் குதிரைகள் நடையினுஞ் சற்றே மிகுந்த செலவிற் செல்வதாக முகவுரையிற் கூறுமிடத்து, அவர் ஆளுஞ் சொல் இதன் அடிச்சொல்லே. அங்கு அது குதிரையின் சாதாரண நடை, ஓட்டமன்று. (அந்த யாத்திரிகரின் குதிரைச் செலவே பிற்காலத்தில் ‘கன்றர்’ என்னும் குதிரைக்கதிக்குப் பெயர் தந்தது. கன்றபரிப் பாய்ச்சல் என வழங்கிய தொடர் ஊர்ப்பெயரின் முற்பகுதி மாத்திரம் நிற்கக் குறுகிற்று.)

நடையைக் குறித்த சொல் விரைவைக் குறித்தது எவ்வாறு? இது விந்தைபோலத் தோன்றினும், நம் பேச்சிலேயே இதற்கு ஒப்பு உண்டு. ‘வயதானவர்’ என்கிறோம். பிறந்தார் யாவர்க்கும் வயது உண்டு. எனினும் அத்தொடர் வயது மிக்கவரையே குறிக்கும். ‘மிக்க’ என்னும் அடை சொல்லாமலே உள்ளே அடங்கிவிட்டது. அதுபோலவே ‘நடையோடு’ என்பது ‘நல்ல நடையோடு’ என்றாயிற்று. 1755 இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் யோன்சன், இச்சொல்லைப் ‘பெருநடையோடு’ என விரித்ததும் இக்கருத்துப் பற்றியே.

இவ்விடத்தில் நம் வழக்கிலுள்ள ஒரு தொடர் நினைவுக்கு வருகிறது. ‘எட்டி நட’ என்று வீட்டிலும் வீதியிலும் நாம் சொல்லுகிறோம். ‘ஓடு’ என்று அதற்குப் பொருளில்லை. ‘கெதியாக’ என்றுகூடச் சொல்லவில்லை. அடியை அகல வை என்பதே சொல். விரைந்து வா என்பது அதிலிருந்து பிறக்கும் கருத்து. ‘அப்பேஸ்’ என்பதற்கு அகராதிகள் தாராத நேரான தமிழ் இதுவெனவே யாம் கருதுகிறோம்.

இனி, ஆங்கிலத்தில் விரைவை உணர்த்திய வேறு சில சொற்களுக்கு நேர்ந்த கதியை ஒருமுறை நோக்குதல் நலம். ‘சூன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ எனப் பொருள்பட்டது. ‘அனொன்’ என்பதும் ‘ஒன்றில்’ என்னும் அடிப்பொருளினின்று ‘அக்கணமே’ எனப் பொருள் தந்தது. ‘பிறெசென்ற்லி’ என்பதும் சேக்ஸ்பியர் காலத்தில் ‘இப்பொழுதே’ என்றே பொருள்படும். ‘சூறாவளி’ நாடகத்தின் நான்காம் அங்கத்திற் புரொஸ்பரோ ஏவல் கூற, ஏரியல் இச்சொல் ஒன்றையே வினாவாக எழுப்புகிறான். இமைக்கும் பொழுதில் என்று எசமான் விடை கூறுகிறான். மாணவன் இவ்வினாவுக்கு ‘சற்று நேரத்திலா?’ என்று பொருள்கொள்வானாயின் விடையின் கூர்மை மழுங்கிவிடும். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் யேசுவின் சாபத்தால் அத்திமரம் பட்டுப்போன இடத்திலும் இச்சொல்லே உண்டு. 1881 இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டோர் அதனை நீக்கி, ‘உடனே’ எனத் தெளிவாகப் பொருள்தரும் வேறு சொல்லை அமைத்தனர். இடைப்பட்ட காலத்தில் அச்சொல் தளர்ந்துபோயிற்று. ‘பை அன்ட் பை’ என்பதன் கதையும் இதுவே. யோவானின் தலையைத் தாலத்தில் வைத்து உடனே தருக என்று ஏரோதியாளின் மகள் கேட்குமிடத்தில் 1611 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இத்தொடரை ஆண்டிருக்க, இன்றைய வாசகன் அதனை ‘ஆறுதலாகப் பின்னர்’ என்று விளங்கிக்கொள்ளக் கூடும்!

இச்சொற்கள் தளர்ந்தமைக்குக் காரணம் அறிஞர் பலருங் கூறியதே. மனிதன் ‘உடனே’ என்று சொல்லிப் பின்னரே செய்கிறான். ‘இதோ வந்துவிட்டேன்’ என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பவர் எப்பொழுது வருவார் என்பதை நாமெல்லாம் அறிவோம். சொல்லுவோரின் சோம்பல் சொல்லையும் பற்றிக்கொள்கிறது.

ஆனால் ‘அப்பேஸ்’ அவ்வாறு தளரவில்லை. மறுதலையாக, மெதுவான நடையினின்று விரைவை நோக்கி அது ஏறிற்று. ஏறிய பின் இறங்கவுமில்லை. இது ஏன்? மேலே காட்டிய சொற்கள் யாவும் ஒரு செயல் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியை அளப்பவை. அவை வாக்குறுதிகள், ஆதலின் வாக்குறுதிகளுக்கு நேரும் கதி அவற்றுக்கும் நேர்ந்தது. ‘அப்பேஸ்’ அளப்பது தொடங்கிய செலவை. நடந்து வருபவனைக் கண்ணாற் கண்டே இச்சொல்லைச் சொல்ல வேண்டும். அங்கே பொய்க்கு இடம் குறைவு. இவ்வேற்றுமை பொருளாராய்ச்சியில் ஆழ்ந்த அறிஞர்க்கு மாத்திரம் உரியதன்று. சேக்ஸ்பியர் இதனை நாடகமாகவே ஆக்கியிருக்கிறார்.

‘நீ விரும்பிய வண்ணமே’ என்னும் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், காட்டு மரங்களிற் பாட்டெழுதித் தொங்கவிட்டவன் யாரென அறியாது துடிக்கும் றொசலின்ட், தன் தோழி சீலியாவிடம் இரண்டு வேண்டுகோள் விடுக்கிறாள். அவன் யாரென்று ‘குயிக்லி’ சொல்லுக என்கிறாள். ‘அப்பேஸ்’ பேசுக என்கிறாள். இரண்டுக்கும் ‘விரைவாக’ என்றே குறிப்பெழுதினால், கவிஞர் ஒன்றையே இருமுறை கூறினார் என்னும் குற்றம் அவர்மேல் ஏறும். உண்மையில் முதலாவது, தாழ்க்காது தொடங்கு என்பது. இரண்டாவது, தொடங்கிய பேச்சு நில்லாது வரட்டும் என்பது. அதே காட்சியின் பிற்பகுதியில் அவளே ஒலாண்டோவுக்குக் காலத்தின் கதிகளை விரித்துரைக்கிறாள். காலமாகிய குதிரை ஒருவரோடு மெல்ல அசைந்தும், ஒருவரோடு குலுங்கியும், ஒருவரோடு பாய்ந்தும், ஒருவரோடு நின்றும் போகின்றது. மணம் உறுதி செய்யப்பட்ட கன்னிக்கு, மணநாள் வரையுள்ள ஒரு வாரமும் ஏழாண்டு போலக் குலுங்கி வருத்துமாம். தூக்குமரத்துக்குப் போகும் கள்வனுக்கோ அது பாய்ச்சலாம். இங்கே கதிகளுக்குப் பொதுப்பெயராக அவள் ஆளுஞ்சொல் ‘பேஸ்’ என்பதே. நம் வினையடையின் வேர்ச்சொல் அதே காட்சியில் இவ்வாறு மீளவருதல் தற்செயலாயினும் ஆகுக. அச்சொல்லின் உள்ளேயுள்ள குதிரை சேக்ஸ்பியருக்கு இறந்துபோகவில்லை என்பதற்கு அது சான்று.

இனி ‘மூன்றாம் றிச்சட்’ நாடகத்துக்கு வருவோம். இரண்டாம் அங்கம், நான்காங் காட்சி. சிறுவனாகிய யோர்க் கோமகன், தன் சிறிய தந்தை குளொஸ்ரர் தன்னிடம் சொன்ன பழமொழி ஒன்றைப் பாட்டியிடம் கூறுகிறான். சிறு பூண்டுகளுக்கு அருளுண்டு. பெருங்களைகளோ ‘அப்பேஸ்’ வளரும் என்பது அதன் கருத்து. அதைக் கேட்ட நாள்முதல் விரைந்து வளரத் தான் விரும்பவில்லை என்றும், இனிய மலர்கள் மெதுவாகவும் களைகள் அவசரமாகவும் வளர்கின்றன என்றும் பிள்ளை தன் போக்கில் அதற்கு உரை செய்கிறான். குளொஸ்ரர் சொன்னதாக அவன் ஒப்புவிப்பது ஒரு சொல். தானாக விரிக்கும்போது ஆளுபவை ‘பாஸ்ற்’ முதலிய வேறு சொற்கள். மூன்றாம் அங்கத்தில் அதே பழமொழியைக் குளொஸ்ரரின் முகத்துக்கு நேரே திருப்பி வீசும்போதும் ‘பாஸ்ற்’ என்றே சொல்லுகிறான். பிள்ளையின் செவியில் விழுந்தது விரைவு மாத்திரமே.

பாட்டியின் மறுமொழியை இங்கு உற்றுநோக்க வேண்டும். பழமொழி சொன்னவனிடத்திலேயே அது பொய்த்தது என்கிறாள் அவள். குளொஸ்ரர் குழந்தைப் பருவத்தில் மிக மெதுவாக, காலந்தாழ்த்தி வளர்ந்த நோஞ்சான் பிள்ளையாம். ‘அப்பேஸ்’ என்பதற்கு வேகம் என்னும் பொருள் ஒன்றே உண்டாயின் பாட்டி சொல்வதே சரி, குளொஸ்ரர் களையல்லன். ஆனால் நாடகம் முழுவதையும் அறிந்த நாம் அங்ஙனம் முடிவு கட்ட இயலுமோ? இளமையில் மெதுவாக வளர்ந்த அக்களை பின்னர் வளர்ந்த முறையே இந்நாடகத்தின் கதை. கிளாரன்ஸ் ஒழிகிறான், அரசியின் சுற்றத்தார் ஒழிகின்றனர், ஹேஸ்ரிங்ஸ் ஒழிகிறான், இறுதியில் பழமொழி கேட்ட சிறுவனும் அவன் தமையனும் இலண்டன் கோட்டையில் ஒழிகின்றனர். ஒவ்வோர் அடியும் முன்வைத்த அடியின்மேல் நிற்கிறது, எதுவும் பாய்ச்சலன்று. நாற்றுமேடையில் முந்திமுளைப்பது எது என்று பார்ப்பவன் களையை அறியான். பிடுங்கப் பிடுங்க நில்லாது வருவது எதுவென்று பார்ப்பவனே அறிவான். பாட்டி முதலாவதைப் பார்த்தாள்.

இதற்கு ஒரு தடை எழலாம். பழமொழியின் முற்பாதியில் அருள் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லோடு இயைபுத் தொடை அமையும்பொருட்டே ‘அப்பேஸ்’ வந்தது. இதிற் பொருள் தேடுதல் மிகை என்பர். இயைபு உண்டென்பது மெய். இச்சொல்லை இயைபுக்காகவே இழுத்துவந்த செய்யுட்கள் ஆங்கிலத்திற் பல உண்டு. போப்பின் சீட்டாட்டக் காட்சியில் வரும் ‘அப்பேஸ்’ பெரிதும் முகம் என்பதன் ஆங்கிலச் சொல்லோடு இயைவதற்கே வந்ததென்று விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாயிருக்கிறோம். ஆனால் நல்ல கவிஞனிடத்தில் தொடைக்காக வந்த சொல்லும் வந்தபின் வேலை செய்யாது இருப்பதில்லை. அன்றியும், சிறுவன் அதனை வேறு சொல்லாக மாற்றிச் சொல்லும் இரண்டிடத்தும் அவ்வியைபு கெடுகிறது. பழமொழி பிள்ளை வாயில் உருமாறுவதை நமக்குக் காட்டுவது கவிஞர் கருத்தாயிருத்தல் கூடும்.

‘வேனில் நள்ளிரவுக் கனவு’ நாடகத்தின் தொடக்கத்தில் தீசியஸ் தன் மணநேரம் ‘அப்பேஸ்’ நெருங்குகிறது என்று கூறி, அடுத்த மூச்சிலேயே பழைய திங்கள் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று சலித்துக்கொள்கிறான். மணநேரம் விரைகிறதெனின் திங்கள் மெதுவாகத் தேய்வதெங்ஙனம்? அடிக்குறிப்பை நம்பும் மாணவன் இங்கே முரண்பாடு காண்பான். நாளொன்றுக்கு ஓரடியாகத் தவறாது வருகிறது என்பதே முதற்கூற்றின் பொருள். அவ்வடி தன் ஆசைக்குப் போதவில்லை என்பது இரண்டாவது. ‘லியர் அரசன்’ நாடகத்தில் நாட்டின் படைகள் நெருங்கிவருவதைக் கென்ற் கூறுமிடத்தும், ‘அன்ரனியும் கிளியோபாத்திராவும்’ என்பதில் அன்ரனி தன் வீரனின் குருதி வழிவதைக் கண்டு இரங்குமிடத்தும் இச்சொல்லே வருகின்றது. நில்லாது வருவனவும் நில்லாது வழிவனவுமே அங்கும் பொருள்.

இவையெல்லாவற்றினும் வளமான இடம் ‘ரோமியோவும் யூலியற்றும்’ ஆகும். இந்நாடகத்தின் மூலக்கதையை 1562 இல் ஆங்கிலச் செய்யுளாக்கிய ஆதர் புறூக் பல மாதங்களிற் பரப்பிய நிகழ்ச்சிகளைச் சேக்ஸ்பியர் ஐந்து நாளுக்குள் அடக்கினார் என்பது யாவரும் அறிந்தது. அவசரமே இங்கு விதி. அந்நாடகத்தில் ‘அப்பேஸ்’ இருவர் வாயில் வருகிறது. முதலில் வருவது நகைப்புக்கிடமாக. இரண்டாம் அங்கத்தில் ரோமியோவைக் கண்டு செய்தி பெற்ற செவிலி, வேலையாள் பீற்றரைக் கூப்பிடுகிறாள். ‘அனொன்’ என்று அவன் குரல் கொடுக்கிறான். முன்னே நட, ‘அப்பேஸ்’ நட என்று அவள் ஏவுகிறாள். தளர்ந்துபோன வாக்குறுதிச் சொல் ஒன்றும், செலவைக் குறிக்கும் நம் சொல்லும் எதிரெதிரே நிற்கும் சிறிய உரையாடல் இது. இரண்டே வரிகளிற் கடந்துபோய்விடும். அடுத்த காட்சி தொடங்கும்போது யூலியற் தனியே நின்று பதைக்கிறாள். ஒன்பது மணிக்குப் போனவள் அரைமணியில் வருவதாகச் சொன்னாள், இப்பொழுது நண்பகல், மூன்று மணிநேரம்! வந்த செவிலியும் மூச்சிரைக்கிறது, எலும்பு நோகிறது என்று செய்தியைச் சொல்லாமல் இழுக்கிறாள். எட்டி நடக்கும்படி ஏவியவளின் நடை இவ்வளவே. அரங்கில் இது நல்ல சிரிப்பு. ஆனால் யூலியற்றின் பதைப்பு அங்கேயே விதைக்கப்படுகிறது.

மூன்றாம் அங்கம், இரண்டாங் காட்சியில் அதே சொல்லை யூலியற் ஏற்கிறாள். இம்முறை ஏவப்படுவது பீற்றரன்று, கதிரவனின் தேர்ப்புரவிகள். மேற்றிசை வீட்டுக்குப் பாய்ந்து செல்லுங்கள், இரவு வரட்டும் என்று அவள் வேண்டுகிறாள். பாய்ச்சலைக் குறிக்கும் வினையை அடுத்து ‘அப்பேஸ்’ நிற்கிறது. சோசர் காலத்து நடைப்பொருள் மாறாதிருந்தால் இத்தொடர் தன்னைத்தானே மறுக்கும். பாயுங் குதிரை நடப்பதெங்ஙனம்? ஆதலின் மெதுவென்னும் பொருள் இதற்குள் முற்றாக ஒழிந்தது என்பது தெளிவு. ஆனால் குதிரைக்கதி என்னும் நினைவு ஒழியவில்லை. ஒழிந்திருந்தால் இச்சொல் இங்கே இவ்வளவு பொருந்தாது.

கதிரவனை இவ்வாறு ஏவும் தொடர் சேக்ஸ்பியருக்கே உரியதன்று. கிறிஸ்தோபர் மாலோவின் ‘இரண்டாம் எட்வேட்’ நாடகத்தில் அரசன் கதிரவனை இவ்விரு சொற்களாலேயே விளிக்கிறான். அந்நாடகம் 1594 இல் அச்சேறியது. அங்கே அரசன் விரும்புவது போர்க்களத்திற் பகைவரைச் சந்திக்கும் நாள். இங்கே கன்னி விரும்புவது மணவிரவு. அதே மாலோ ‘டொக்ரர் போஸ்ரஸ்’ நாடகத்தின் இறுதியில், நரகத்துக்குரிய நேரம் நெருங்க, இரவின் குதிரைகளே மெல்லச் செல்லுங்கள் என்று போஸ்ரஸை வேண்ட வைக்கிறார். அது இலத்தீன் கவிஞர் ஒவிட் காதலர் வாயில் வைத்த வேண்டுகோள். காதலன் இரவை நிறுத்த விரும்பிய சொல்லைச் சாகின்றவன் வாயில் வைத்தார் மாலோ. போரை விரும்பியவன் பகலை ஓட்டிய சொல்லைக் காதலி வாயில் வைத்தார் சேக்ஸ்பியர். இரண்டும் இரவல், இரண்டும் இரவல் வாங்கிய இடத்திற் புதிதாயின.

யூலியற் இதனைச் சொல்லும் நேரத்தை மறக்கலாகாது. இதற்கு முந்திய காட்சியிற் திபால்ற் கொல்லப்பட்டான். ரோமியோவுக்கு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அரங்கிலுள்ளோர் யாவரும் அதை அறிவர், அவளொருத்தி அறியாள். அவள் ‘அப்பேஸ்’ என்று அழைத்தது உண்மையாகவே அடிவைத்து வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது அவள் எண்ணியதன்று. பேச்சு முடிய உள்ளே வருபவள் நூலேணியோடு செவிலி. நண்பகலில் நற்செய்தி கொண்டுவரத் தாமதித்தவள் இப்பொழுது தீச்செய்தியோடு வருகிறாள். மறுநாள் விடியலில், கூவுவது வானம்பாடியன்று, இரவிற் பாடும் குயிலே என்று சாதித்து, பகலை வரவொட்டாது தடுக்க முயல்பவளும் இவளே. முதல்நாள் மாலை தான் ஓட்டிவிட்ட குதிரைகள் சுற்றிவந்து நிற்பதை அப்பொழுது காண்கிறாள். இவ்விடத்தில் ‘விரைவாக’ என்னும் குறிப்பு எவ்வளவு ஏழ்மையானது! விரைவு ஒருமுறை நிகழ்ந்து முடிவது. கதிரவனின் செலவு நில்லாதது. அவள் வேண்டிய இரவு எவ்வடியில் வந்ததோ அவ்வடியிலேயே விடியலும் வந்தது.

நாடகத்தை விட்டு உரைநடைக்கு வந்தாலும் இக்கருத்து வலியுறும். 1611 ஆம் ஆண்டு விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இச்சொல் நின்ற இடங்களை எபிரேய மூலத்தோடு ஒப்பிடுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சாமுவேலின் இரண்டாம் நூலில், மகன் அப்சலோம் போரில் என்னவானான் என்று அறியக் கோட்டைவாயிலில் தாவீது காத்திருக்கிறான். கூரைமேல் நின்ற காவலன் ஒருவன் தனியே ஓடிவருவதைக் காண்கிறான். அவன் ‘அப்பேஸ்’ வந்து நெருங்கினான் என்பது ஆங்கிலம். எபிரேயத்திலோ விரைவு என்னுஞ் சொல்லே அங்கில்லை. வரவர, நெருங்க நெருங்க என்னும் பொருள்தரும் தொடரே உள்ளது. அறுபத்தெட்டாஞ் சங்கீதத்திற் சேனைகளின் அரசர் ஓடினர் என்னுமிடத்தில் எபிரேயம் வினையை இருமுறை அடுக்கிக் கூறுகிறது. எரேமியாவில் வீரர் புறங்கொடுத்தோடும் இடத்திலும் ஓட்டம் ஓடினர் என்பது போன்ற இரட்டிப்பே. மூன்றிடத்தும் மொழிபெயர்ப்பாளர் அடுக்கை அடுக்காகப் பெயர்க்காமல், அதன் ஆற்றல் முழுவதையும் ‘அப்பேஸ்’ என்னும் ஒரு சொல்லில் இறக்கியிருக்கின்றனர்.

இந்நுட்பம் தமிழறிந்தார்க்கு எளிதில் விளங்கும். விரைவுபற்றி வரும் சொல் அடுக்கி வரும் என்றும், அவ்வடுக்கு மூன்றுமுறை வரையே செல்லும் என்றும் தொல்காப்பியர் எச்சவியலில் எல்லை வகுத்தார். ‘தீ, தீ, தீ’ என்னும் கூக்குரலில் விரைவு எந்த வினையடையிலும் இல்லை, அடுக்கிலேயே இருக்கிறது. கதழ்வும் துனைவும் விரைவுப்பொருள் உணர்த்துதலை உரியியலிற் கூறியவரே, சொல்லமைப்பாலும் விரைவு பிறக்கும் என்பதையும் கண்டார். எபிரேயத்தின் இரட்டிப்பை ஆங்கிலேயன் கற்று அறிகிறான். நாம் கேட்டவுடன் அறிகிறோம்.

இன்னுமொரு சான்று கூறி இப்பகுதியை முடிக்கலாம். ஐம்பத்தெட்டாஞ் சங்கீதத்தில் கொடியோர் ஓடும் நீர்போல் ஒழிக என்று வருமிடத்தை, பதினாறாம் நூற்றாண்டிற் பெயர்த்த மைல்ஸ் கவர்டேல் ‘அப்பேஸ்’ ஓடும் நீர் என்று எழுதினார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் அப்பெயர்ப்பே நிலைத்தது. 1611 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர் அதே இடத்தில் ‘இடைவிடாது’ என்னும் பொருளுடைய சொல்லை இட்டனர். ஒரே நீரை ஒரு தலைமுறையார் ‘அப்பேஸ்’ என்றும் பின்வந்தோர் ‘இடைவிடாது’ என்றும் கண்டனராயின், இவ்விரண்டும் அக்காலத்தார் செவியில் எவ்வளவு அணுக்கமானவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்காலம் பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. மில்ற்றன் ‘இழந்த சுவர்க்கத்தின்’ பன்னிரண்டாம் நூலில், பெருவெள்ளத்தின் பின் மனித இனம் பெருகுவதை இச்சொல்லாற் குறித்தார். யோன்சன் தம் அகராதியில் மூன்று பொருள் வகுத்து, ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு முன்னேறும் எவ்வகைச் செலவுக்கும் உரியது என்பதை மூன்றாவதாக வைத்தார். மில்ற்றனின் அவ்வடியே அதற்கு அவர் காட்டிய மேற்கோள். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவன் ‘அப்பேஸ்’ ஓடினான் என்று யாரும் எழுதார். கட்டட வேலை, ஆயத்தங்கள், நகரப் பெருக்கம் போன்றவையே ‘அப்பேஸ்’ நடக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதும். விரைவு என்னும் பொதுப்பொருளை ‘பாஸ்ற்’, ‘குயிக்லி’ என்பன எடுத்துக்கொள்ள, இச்சொல்லுக்கென எஞ்சியது யோன்சன் மூன்றாவதாக வைத்ததே. (‘ஒருவரோடு சமமாக’ என்னும் பொருளில் இதனை வழங்குவாரும் இப்பொழுது உளர். அவர்களும் அறிந்தோ அறியாமலோ கூடநடக்கும் நடையையே நினைக்கின்றனர்.)

இனி, தமிழிற் பெயர்ப்பதெங்ஙனம் என்னும் வினா. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நியதி இங்கு உதவாது. பீற்றரை ஏவும் செவிலிக்கும், காட்டில் ஆட்டுக்காரப் பெண்ணை அழைக்கும் விதூடகனுக்கும் ‘எட்டி நட’ என்பதே போதும். வேறெதுவும் அவ்வளவு பொருந்தாது. தீசியஸுக்கு ‘நெருங்கி நெருங்கி வருகிறது’ எனலாம். குருதிக்குப் ‘பெருகி வழிகிறது’. களைக்கு ‘நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக’ என்னும் நம் மரபுத்தொடர் அழகாய்ப் பொருந்தும். பிள்ளை வளர்வதற்கு நாம் அன்போடு வழங்கும் தொடரைக் குளொஸ்ரர் பிள்ளையின் முகம் பார்த்துக் களைக்குச் சொல்லும்போது அதிலுள்ள நஞ்சு தானே வெளிப்படும். யூலியற்றின் வேண்டுகோள் மாத்திரமே கடினமானது. ‘எட்டி நட’ என்று பாயும் பரிகளிடம் கூறமுடியாது. ‘விரைந்து பாய்க’ என்றால் அடியோசை போய்விடும். இதுவரை யாம் எண்ணியவற்றுள் ‘பாய்ந்து பாய்ந்து செல்லுங்கள்’ என்பது ஓரளவு அமைகிறது. அடுக்கிலே குளம்பொலி கேட்கிறது. இதனினுஞ் செவ்விய பெயர்ப்பு இக்கல்லூரி மாணவருள் யார்க்கேனும் தோன்றுமாயின், அடுத்த இதழில் அதைக் காண விழைகிறோம்.